பிளஸ் டூ ‘கடைசி நாள்’: ஆளுக்கொரு ஞாபகம், எதை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: 1996 மார்ச்சில் பிளஸ் டூ எழுதிய செட் நாங்கள். முப்பதாம் ஆண்டுச் சந்திப்புக்கு ஒரு மலர் போடுகிறோம். அதில் ‘பள்ளியின் கடைசி நாள்’ என்று ஒரு கட்டுரை. வாட்ஸப் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு கதை வருகிறது. குரூப் போட்டோவும் பிரிவு உபசார விழாவும் ஒரே நாள் என்கிறார் ஒருவர், இல்லவே இல்லை என்கிறார் இன்னொருவர். விழா முடிந்த கையோடு பள்ளி டிவியில் இந்தியா–பாகிஸ்தான் மேட்ச் பார்த்தோம் என்று சிலர். சட்டையில் இங்க் அடித்தது பள்ளி மைதானத்தில் என்று பாதிப் பேர். இயற்பியல் ஆசிரியர் மேடையில் அழுதாரா இல்லையா என்பதில் ஒருவர் குழுவை விட்டே போய்விட்டார். எதை நம்பி எழுதுவது?

பதில்:

சண்டைக்குப் பாதிக் காரணம் ‘கடைசி நாள்’ என்ற சொல். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடிந்தால் அங்கியும் தொப்பியும் போட்டு மேடையேறும் ஒரு நாள் உண்டு. அங்கே கடைசி நாள் என்றால் எல்லாருக்கும் அதே நாள். நம் பள்ளிகளில் 1978-ல் பிளஸ் ஒன் வந்து 1980-ல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்த காலம் தொட்டு, அப்படி ஒரு நாள் வழக்கத்தில் இல்லை. பள்ளியை விட்டுப் போவது தவணை முறையில்தான் நடக்கும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கி பிராக்டிகல் முடித்த நாள், பிளஸ் ஒன் பிள்ளைகள் கொடுத்த பிரிவு உபசார விழா, குரூப் போட்டோ, ஸ்டடி லீவுக்கு முந்தைய கடைசி வகுப்பு, ஹால் டிக்கெட் வாங்கிய நாள், கடைசித் தேர்வு, ரிசல்ட், பிறகு மார்க் ஷீட்டும் டி.சி.யும் வாங்கப் போன நாள். முப்பது வருடத்தில் மூளை இத்தனையையும் ஒரே பகலாக மடித்து வைத்துவிடும். அதனால் ‘கடைசி நாள் ஞாபகம் இருக்கா?’ என்று கேட்டாலே பதில் குழம்பித்தான் வரும். ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

இன்னொரு மடிப்பும் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. உங்கள் செட்டுக்குப் பிரிவு உபசார விழா இரண்டு: 1995-ல் பிளஸ் ஒன்னாக இருந்து நீங்கள் நடத்தியது, 1996-ல் உங்களுக்கு நடந்தது. அதே ஹால், அதே வண்ணக் காகிதத் தோரணம், அதே லட்டு–மிக்சர்–காபி. முதல் விழாவில் பரிமாறியவர்கள் இரண்டாவதில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். நாற்காலி தூக்கியது, காபி கேன் இறக்கியது, மைக் செட்காரரிடம் பேரம் பேசியது என்று உழைப்பு சம்பந்தப்பட்ட ஞாபகம் எது வந்தாலும் அது 1995-ஆக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். முதல் விதி: குழுவில் பேசுவதை உடனே நிறுத்துங்கள். உளவியலாளர் பியோனா காபர்ட்டும் சகாக்களும் 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே சம்பவத்தின் இரண்டு வேறு கோண வீடியோக்களை இரண்டு பேருக்குத் தனித்தனியே காட்டி, ஒரே வீடியோ என்று நம்பவைத்துப் பேசவிட்டார்கள். பேசிய பிறகு 71 சதவீதம் பேர், தாங்கள் பார்க்கவே முடியாத, மற்றவர் சொன்ன விவரம் ஒன்றையாவது தாம் பார்த்ததாக எழுதினார்கள். அது இரண்டு பேர், சில நிமிடப் பேச்சு. உங்கள் குழுவில் ஐம்பது பேர் மாதக்கணக்கில் பேசியிருக்கிறீர்கள். ‘பிசிக்ஸ் சார் அழுதாரே, ஞாபகம் இருக்கா?’ என்று ஒருவர் கேட்க, பதினான்கு கட்டைவிரல் விழுந்தால் அது பதினான்கு சாட்சி ஆகாது. ஒரு சாட்சி, பதினான்கு மரியாதை.

ஒரு பக்கப் படிவம் தயார் செய்யுங்கள். ஒவ்வொருவரும் தனியாக நிரப்பி, தொகுப்பாளர் ஒருவருக்கு மட்டும் தனிச் செய்தியில் அனுப்ப வேண்டும். பத்து நாள் அவகாசம் போதும். அதற்கு மேல் விட்டால் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள். கேள்வி திறந்த கேள்வியாக இருக்கட்டும். ‘போட்டோ எடுத்த அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள், பக்கத்தில் யார், வெயிலா நிழலா, காலையா மாலையா?’ என்று கேட்கலாம். ‘போட்டோ விழா அன்றுதானே எடுத்தார்கள்?’ என்று கேட்டால் படிவமே வீண். ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே ஒரு கட்டம்: நானே பார்த்தது, யாரோ சொன்னது, போட்டோவில் பார்த்தது, தெரியவில்லை. இந்தக் கட்டம்தான் படிவத்தின் உயிர். ‘தெரியவில்லை’ என்பதை முதல் தெரிவாகவே அச்சிடுங்கள். கடைசியில் வைத்தால் நம்மவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு எதையாவது நிரப்பிவிடுவார்கள். படிவம் வந்து சேரும்வரை பழைய போட்டோ ஒன்றுகூடக் குழுவில் வரக்கூடாது. போட்டோவைப் பார்த்த பிறகு வருகிற ஞாபகம் போட்டோவின் ஞாபகம்தான்.

‘எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு’ என்ற உறுதிக்குத் தனி மதிப்பெண் கொடுக்காதீர்கள். 1986 ஜனவரி 28-ல் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, செய்தியை எங்கே எப்படிக் கேட்டார்கள் என்று அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் எழுதி வாங்கினார்கள். இரண்டரை வருடத்துக்கு மேல் கழித்து 44 பேரிடம் அதையே மறுபடி கேட்டபோது 11 பேரின் பதில் முழுக்கத் தவறு. பலர் தங்கள் சொந்தக் கையெழுத்தைக் காட்டியும் புதுக் கதையை விடவில்லை. ஆள் பொய் சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னதில் கதை இறுகிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அதே சமயம் எல்லா ஞாபகமும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. ஹாரி பாரிக்கின் குழு 1975-ல் 392 அமெரிக்கர்களிடம் அவர்களுடைய பள்ளி ஆண்டு மலரை வைத்துச் சோதித்தது. பள்ளி முடித்துப் பதினைந்து ஆண்டு ஆனவர்கள்கூட வகுப்புத் தோழர் முகத்தைப் பார்த்து அடையாளம் காண்பதில் 90 சதவீதம் சரியாக இருந்தார்கள். எதையும் காட்டாமல் பெயர்களைத் தாமாகச் சொல்லச் சொன்னால் அதே பதினைந்து ஆண்டில் 60 சதவீதம், 48 ஆண்டில் 30 சதவீதம். இதிலிருந்து உங்கள் வேலைக்கு ஒரு பாடம்: வகுப்புப் பட்டியலை ‘யார் யார் இருந்தாங்க?’ என்று கேட்டுத் தயாரிக்காதீர்கள். போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி எண் போட்டுக் காட்டித் தயாரியுங்கள். மார்க் விஷயம் நேர் எதிர். பாரிக்கின் 1996 ஆய்வில் 99 கல்லூரி மாணவர்கள் தங்கள் பள்ளி கிரேடுகளை நினைவுகூர்ந்தபோது ‘ஏ’ வாங்கியதை 89 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், ‘டி’ வாங்கியதை 29 சதவீதம்தான். தவறிய இடங்களில் பெரும்பாலும் கிரேடு மேல்நோக்கியே நகர்ந்திருந்தது. 1200-க்கு எவ்வளவு என்று மலரில் போடும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். ஃபெயிலான தோழருக்கும் அது நல்லது.

அடுத்து ஆவணங்கள். இவற்றில் என் முதல் தேர்வு ஆட்டோகிராப் நோட்டு. மார்க் ஷீட், டி.சி. எல்லாம் பிறகுதான். அன்றைக்கு அன்றே எழுதப்பட்டது அது ஒன்றுதான். எழுதியவர் பெரும்பாலும் கீழே தேதியும் போட்டிருப்பார். ஆறேழு பேரின் நோட்டு கிடைத்தால் போதும். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, எழுதியவர், தேதி, மை நிறம் மூன்றையும் ஒரு அட்டவணையில் ஏற்றுங்கள். தேதிகள் பரவலாக இரண்டு மூன்று வாரத்துக்கு இருக்கும். நடுவில் ஓரிரு நாளில் மட்டும் பத்துப் பதினைந்து கையெழுத்து குவிந்திருக்கும். அந்தக் குவியல்தான் எல்லாரும் ஒரே இடத்தில் கூடியிருந்த நாள். அடுத்தடுத்த ஏழெட்டுப் பக்கங்கள் வெவ்வேறு கையெழுத்தில், ஆனால் ஒரே பச்சை மையில் இருந்தால் ஒரு பேனா கைமாறிய ஒரே மதியம் என்று கொள்ளலாம். ஒரு பொறி இருக்கிறது: ‘வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதித் தரேன்’ என்று வாங்கிப் போனவர்கள் வீட்டில் எழுதிய நாளைப் போட்டிருப்பார்கள். பத்தி பத்தியாக, கவிதையோடு, ஓரத்தில் ரோஜாப் பூவோடு இருப்பவை அந்த வகை. ‘வாழ்க வளமுடன்’ என்று இரண்டு வரியில் முடிந்தவையே நமக்கு வேண்டியவை.

குரூப் போட்டோ. மவுண்ட் அட்டையில் ஒட்டிய பிரதியை எங்காவது யாராவது வைத்திருப்பார்கள். அதை செல்போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள்; 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, வாட்ஸப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். 8×12 அங்குலப் படம் 4800×7200 பிக்சல் வரும். கரும்பலகையில் சாக்பீஸில் எழுதியது, சுவரில் தொங்கும் காலண்டர் எல்லாம் படிக்கக் கிடைக்கலாம். அட்டையில் தங்க எழுத்தில் இருப்பது கல்வியாண்டு மட்டும், தேதி அல்ல. அடியில் ‘அமர்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலமாக’ என்று வரும் பெயர் வரிசையையும் அப்படியே நம்பக்கூடாது. அது பெரும்பாலும் வகுப்பு லீடர் எழுதிக் கொடுத்தது. ஒருவர் கடைசி நிமிடத்தில் இடம் மாறி நின்றால், அங்கிருந்து வரிசை முழுக்க ஒரு பெயர் தள்ளிப்போயிருக்கும். இரண்டு பெயர் இடம் மாறியிருந்தால் கைத்தவறு. ஒரு புள்ளிக்குப் பிறகு எல்லாமே தவறென்றால் இந்தத் தள்ளல். அட்டையில் ஸ்டூடியோ முத்திரையில் ஊர் ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்றிருக்கிறதா ‘சென்னை’ என்றிருக்கிறதா பாருங்கள். அதிகாரபூர்வப் பெயர் மாற்றம் 1996-ன் பிற்பாதியில்தான் வந்தது, ஆகவே ‘சென்னை’ என்ற முத்திரை பிற்பாடு போட்ட பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

காலையா மாலையா என்பதை நிழல் சொல்லிவிடும். பள்ளிக் கட்டடம் எந்தத் திசை பார்த்தது என்பது மாறாத விஷயம். கட்டடம் கிழக்கு பார்த்தது, அதன் முன்னால் நின்று எடுத்த படம், எல்லார் முகத்திலும் வெயில் விழுந்து கண்ணைச் சுருக்கியிருக்கிறார்கள் என்றால் அது காலை. மூக்கு நிழல் மேலுதட்டைத் தாண்டாமல் குட்டையாக நேர்கீழே விழுந்தால் உச்சி வெயிலுக்குப் பக்கம். விழா மாலையில் நடந்தது என்று படிவங்கள் ஒத்துப்போய், போட்டோவில் காலை வெயில் இருந்தால், இரண்டும் ஒரே நாளாக இருந்தாலும் சேர்ந்தாற்போல் நடக்கவில்லை என்பது உறுதி. உடையையும் பாருங்கள். விழாவுக்குக் கலர் டிரெஸ் அனுமதி என்று பலர் எழுதி, போட்டோவில் எல்லாரும் யூனிபார்மில் இருந்தால் பெரும்பாலும் வேறு நாள். சொந்தக் கேமராவில் எடுத்த சின்ன கலர் பிரின்ட்டில் ஓரத்தில் ஆரஞ்சு நிறத் தேதி இருந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். அந்தக் கேமராக்களில் பேட்டரி மாற்றிய பிறகு தேதியைத் திருத்தாமலே விட்டவர்கள் அதிகம். அதே ரோலில் தேதி தெரிந்த வேறு நிகழ்ச்சி, ஒரு பொங்கலோ கல்யாணமோ, இருந்தால் அதை வைத்துப் பிழையைக் கணக்கிடலாம்.

டி.சி.யில் மூன்று தேதிகள் இருக்கும்: மாணவர் பள்ளியை விட்ட தேதி, விண்ணப்பித்த தேதி, சான்றிதழ் வழங்கிய தேதி. முதல் தேதியை அலுவலகத்தில் மொத்த வகுப்புக்கும் ஒரே மாதிரி போட்டுவிடுவது வழக்கம், அதனால் அது எந்த நினைவையும் நிரூபிக்காது. மூன்றாவது தேதி உண்மையானது, டி.சி. வாங்கிய அன்று யாரோடு போனீர்கள் என்ற கதைக்கு அது உதவும். அசல் கல்லூரிக்குப் போயிருக்கும். பள்ளியில் அடிக்கட்டை இருக்கலாம், சேர்க்கைப் பதிவேடு நிச்சயம் இருக்க வேண்டும், அது நிரந்தரப் பதிவேடு. மார்க் ஷீட்டில் ‘மார்ச் 1996’ என்று மாதமும் வருடமும்தான்.

பள்ளிக்கு நேரில் போகிறவர்கள் அலுவலகத்தோடு திரும்பிவிடக் கூடாது. போகிற செட் பள்ளிக்கு ஏதாவது வாங்கிக் கொடுப்பது வழக்கம்: சுவர்க் கடிகாரம், ஸ்டீல் பீரோ, ஃபேன், பேச்சு மேடை. அதில் ‘1995–96 மேல்நிலை இரண்டாமாண்டு மாணவர்கள் அன்பளிப்பு’ என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும், சில சமயம் தேதியோடு. பீரோவுக்கு மறுபூச்சு அடித்திருந்தாலும் கதவை ஒட்டிச் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள், பழைய எழுத்தின் விளிம்பு தெரியும்.

தேர்வு அட்டவணைக்கும் ரிசல்ட் தேதிக்கும் பழைய நாளிதழ்கள். மாவட்ட நூலகத்தில் கிடைக்காவிட்டால் எழும்பூர் கன்னிமராவில் கேளுங்கள். 1954-ம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி நாட்டின் நாளிதழ்கள் போய்ச் சேரும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. அட்டவணை கையில் வந்ததும் இங்க் சண்டைக்கு விடை கிடைக்கும். கடைசித் தேர்வு எல்லாருக்கும் ஒரே நாள் அல்ல. தமிழ், ஆங்கிலம் எல்லாருக்கும் பொது; அதன் பிறகு உயிரியல்காரர்களுக்கு ஒரு நாள் முடியும், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஒரு நாள், வணிகவியலுக்கு ஒரு நாள், தொழிற்பிரிவுக்கு இன்னொரு நாள். ஆக, இங்க் அடித்த நாளே இரண்டு மூன்று இருந்திருக்கும். கூடவே உங்கள் பள்ளி தேர்வு மையமா என்று பாருங்கள். மையம் வேறு பள்ளி என்றால், கடைசித் தேர்வு முடிந்த கையோடு இங்க் அடித்தது அந்தப் பள்ளி வாசலிலோ பஸ் ஸ்டாண்டிலோதான் இருக்கும். ‘நம்ம மைதானம்’ என்பவர்கள் பிராக்டிகல் முடிந்த நாளையோ கடைசி வகுப்பு நாளையோ சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஆவணம் இல்லாத இடத்தில் ஊரறிந்த நிகழ்ச்சிகளை முளைக்குச்சியாக அடித்துக்கொள்ளலாம். 1996 இதற்கு வாய்ப்பான வருடம். இந்தியா–பாகிஸ்தான் உலகக் கோப்பைக் காலிறுதி மார்ச் 9, சனிக்கிழமை, பெங்களூரில். அது பகல்-இரவு ஆட்டம், இந்தியா முதலில் பேட்டிங். பாகிஸ்தானின் அமீர் சோகைலை வெங்கடேஷ் பிரசாத் போல்டாக்கியது இரவில். ‘விழா முடிஞ்சு சாயங்காலம் ஸ்கூல் டிவியில சோகைல் அவுட்டானதைப் பார்த்தோம்’ என்பது நேரக் கணக்கிலேயே இடிக்கிறது. கூட்டமாகப் பார்த்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது யாரோ ஒருவர் வீட்டு ஹாலில். அடுத்த புதன்கிழமை, மார்ச் 13, கொல்கத்தா அரையிறுதியில் ரசிகர்கள் கலாட்டா செய்து ஆட்டம் இலங்கைக்குக் கொடுக்கப்பட்டதும், காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறியதும் இரவுதான்.

மார்ச் கடைசி வாரத்தில் ஹயகுடேக் வால் நட்சத்திரம். பூமிக்கு மிக அருகில் வந்தது மார்ச் 25. மொட்டை மாடியில் படிக்கும்போது பார்த்தோம் என்பவர்கள் சரி. ‘வாரக்கணக்கில் சாயங்காலம் மேற்கே தெரிந்தது’ என்று சொன்னால் அது ஹேல்–பாப், 1997. அப்போது நீங்கள் கல்லூரியில். சேரன் பஸ், பாண்டியன் பஸ் என்று எழுதுபவர்கள் தப்பு செய்யவில்லை, போக்குவரத்துக் கழகங்கள் அந்தப் பெயர்களை இழந்தது 1997-ல்தான். சினிமாவை மட்டும் முளைக்குச்சியாக நம்பாதீர்கள். ரிலீஸ் தேதி சென்னைக்கு. சின்ன ஊர்த் தியேட்டருக்கு அதே படம் மாதங்கள் கழித்து வரும்.

ரம்ஜான் நோன்பு அருமையான அடையாளம், பிறை ஆண்டு வருடத்துக்குப் பதினோரு நாள் போல் முன்னால் நகர்வதால். ‘விழாவில் கொடுத்த லட்டைப் பக்கத்தில் இருந்தவன் சாப்பிடாமல் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தான், நோன்பு’ என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். 1996-ல் நோன்பு ஜனவரி பிற்பகுதியில் தொடங்கி பிப்ரவரி 21 வாக்கில் முடிந்தது. அப்படியானால் விழா அதற்கு முன். ஆனால் 1995-லும் பிப்ரவரி முழுக்க நோன்புதான்! மேலே சொன்ன இரண்டு விழாக் குழப்பம் இங்கே சரியாக வந்து உட்காரும். பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: லட்டை நீங்கள் வாங்கினீர்களா, கொடுத்தீர்களா?

ஆசிரியர்களிடம் கேட்கும்போது வேறு முறை. உங்களுக்கு இரண்டு விழா என்றால் அவர்களுக்கு முப்பது. ‘எங்க விழா எப்படி சார் இருந்தது?’ என்றால் முப்பதும் கலந்த ஒரு விழாவைச் சொல்வார்கள். ரொனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கைசல்மனும் சாட்சி விசாரணைக்காக 1980-களில் வகுத்த முறை இங்கே எடுபடும்: முதலில் இடத்தை மனதில் கட்டச் சொல்லுங்கள் (ஹாலில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள், ஃபேன் ஓடியதா, தலைமையாசிரியர் எந்தப் பக்கம்), அற்பமாகத் தெரிவதையும் சொல்லச் சொல்லுங்கள், குறுக்கே பேசாதீர்கள், பிறகு கடைசியில் நடந்ததில் தொடங்கிப் பின்னோக்கி ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் போனால் போதும். ஐந்து பேர் பழம், சால்வையோடு போனால் அது பாராட்டு விழாவாகிவிடும். ஆசிரியரும் உங்களுக்குப் பிடித்ததையே சொல்வார்.

அச்சில் மூன்று நிலை வையுங்கள். ஆவணமோ நாளிதழோ உள்ளவை சாதாரண வாக்கியமாக. பேசிக்கொள்ளாத இருவர் தனித்தனியாக எழுதி, விவரம் ஒத்துப்போனால் ‘பலர் நினைவில்’. ஒருவர் மட்டும் சொன்னது அவர் பெயரோடு, அவர் சொன்ன சொற்களிலேயே. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்த நான்கு பேர் ஒரே கதை சொன்னால் அது ஒரு கதைதான்.

இயற்பியல் ஆசிரியர் அழுதாரா என்பதற்கு ஆவணம் கிடைக்காது. படிவங்களில் பாருங்கள்: அழுதார் என்று எழுதியவர்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், கண்ணாடியைக் கழற்றினார், கைக்குட்டை எடுத்தார், குரல் நின்றது என்று ஏதாவது ஒரு அசைவை எழுதியிருக்கிறார்களா, அல்லது வெறுமனே ‘அழுதார்’ என்று மட்டுமா? குழுவில் அந்தப் பேச்சு வருவதற்கு முன்பே அவர்கள் அதை யாரிடமாவது சொல்லியிருக்கிறார்களா? ஆசிரியர் இருக்கிறார் என்றால் அவரிடம் நேராக இதைக் கேட்க வேண்டாம். அன்று மேடையில் என்ன பேசினார் என்று மட்டும் கேளுங்கள். அப்புறமும் தீராவிட்டால் இரண்டு தரப்பையும் அடுத்தடுத்த வரியில் பெயரோடு போடுங்கள், குழுவை விட்டுப் போனவருடைய வரியை முதலில்.